மூன்று லென்ஸுக்கு ஒரு பாடி

என்னிடம் முதலில் வந்து சேர்ந்தவை மூன்று லென்ஸ்கள். கேமரா இல்லை. புத்தியுள்ள யாரும் இந்த வரிசையில் தொழில் தொடங்க மாட்டார்கள். நான் தொடங்கினேன். தொடங்கி ஜெயிக்கவும் செய்தேன் என்பதால்தான் இவ்வளவு தைரியமாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த லென்ஸ்களை எனக்குக் கொடுத்தது ஒரு குரங்கு என்று என் கணவர் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிவருகிறார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு மாடி அறையில் வெளிநாட்டு அம்மா ஒருவர் வருடக்கணக்காக வாடகைக்கு இருந்தார். அதிகாலையில் ஏறிப்போய் மலையைப் படம் எடுப்பார். ஃபிலிம் ரோலை நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் கழுவக் கொடுப்பார். ஒருநாள் ரோல் மாற்றுவதற்காகக் கேமராவை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்திருக்கிறார். குரங்கு ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து கடித்துப் பார்த்தது. ருசிக்கவில்லை போலிருக்கிறது, கீழே போட்டுவிட்டது. லென்ஸ் பை அறைக்குள் இருந்ததால் தப்பியது.

பிரிண்டுகளைக் கொடுக்க நான் போனபோது அவர் அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "போதும்னு மலை சொல்லிடுச்சு" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். அடுத்த வாரம் ஊருக்கே திரும்பப் போவதாகவும், இனிமேல் படம் எடுப்பதில்லை என்றும் சொல்லிவிட்டுப் பையை என் மடியில் வைத்தார். சும்மா வாங்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மாதச் சம்பளக் கவரை அப்படியே நீட்டினேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒரு புத்தகத்துக்குள் செருகிக்கொண்டார்.

மூன்றும் ஃபிலிம் காலத்து லென்ஸ்கள். ஒன்று அகலமாகப் பிடிப்பது, கூட்டத்துக்கு ஆகும். இன்னொன்று நம் கண் பார்ப்பதுபோலவே பார்ப்பது. மூன்றாவதுதான் ராணி. தள்ளி நின்று முகம் எடுப்பதற்கென்றே செய்த, வாயகன்ற கனத்த லென்ஸ். இருட்டு மண்டபத்தில்கூட ஃபிளாஷ் அடிக்காமல் அதில் படம் எடுக்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்த பெண், குழந்தையைப் பிடித்திருக்கிறேனோ என்று எட்டிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் மூன்றையும் வரிசையாக வைத்தேன். எங்கள் வீடு அடி அண்ணாமலையில். கணவருக்குக் கொஞ்சம் நிலம், மற்றபடி மாட்டுத் தரகு. சுற்று வட்டாரத்தில் எந்தச் சந்தையில் மாடு கைமாறினாலும் அவர் அங்கே நின்றிருப்பார். குனிந்து பார்த்தார். "கேமரா எங்க?" என்றார். இல்லை என்றேன்.

"மாடே இல்ல. மூணு மூக்கணாங்கயிறு வாங்கினு வந்திருக்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்டுடியோவில் இருந்த கேமராக்கள் வேறு கம்பெனி. இந்த லென்ஸ்கள் அவற்றில் மாட்டவே மாட்டாது.

ஸ்டுடியோவில் எனக்கு டச்சிங் வேலை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பரு எடுப்பேன், பல் வெளுப்பேன், தாலி கட்டும் நேரத்தில் கண் மூடிக்கொண்ட மாப்பிள்ளைக்கு வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து ஒட்டுவேன். ஊரில் பாதி மாப்பிள்ளைகளுக்கு நான் கண் கொடுத்திருக்கிறேன். ஆனால் விசேஷங்களுக்கு என்னை ஒருநாளும் அனுப்பியதில்லை. பெண்ணை அனுப்பினால் பார்ட்டி வேறு கடைக்குப் போய்விடும் என்பது முதலாளியின் கணக்கு. நானும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தேன்.

லென்ஸ் வந்த சில நாட்களில் வேங்கிக்காலிலிருந்து ஒரு பெண் தன் குழந்தையோடு வந்தார். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர். குழந்தைக்கு அடுத்த மாதம் காதுகுத்து. மண்டப வாசலில் வைக்கும் பேனருக்குக் குழந்தை சிரிக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும். அப்போதெல்லாம் எங்கள் ஊரில் காதுகுத்து என்றால் பத்திரிகை இருக்கிறதோ இல்லையோ பேனர் இருந்தே ஆகவேண்டும். குழந்தைக்கோ ஃபிளாஷ் என்றால் உயிர் போகும் பயம். ஏற்கெனவே இரண்டு ஸ்டுடியோவில் அழுது தீர்த்துவிட்டு மூன்றாவதாக எங்கள் கடைக்கு வந்திருந்தாள். உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்து ஒருமுறை ஃபிளாஷ் அடித்ததுதான், தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி அலறினாள்.

முதலாளி வெளியே வந்து என்னைக் கை காட்டினார். "அழுதா அழுவட்டும்மா. கம்ப்யூட்டர்ல சிரிக்க வெச்சிடலாம். அதுக்குத்தான் இவங்க இருக்காங்க."

"சிரிப்ப ஒட்ட முடியாது சார்" என்றேன். "என்கிட்ட நல்ல லென்ஸ் இருக்குது. தள்ளி நின்னு ஃபிளாஷ் இல்லாம நான் எடுத்துத் தரேன். ஒரு கேமரா மட்டும் ஏற்பாடு பண்ணுங்க."

"நீ பல்லு வெளுக்கிற வேலையப் பாரு" என்றார் அவர், வாடிக்கையாளர் முன்னால்.

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாசல் தாண்டி நாலு கடை போவதற்குள் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"ஏங்க, நீங்களே எடுத்துத் தருவீங்களா?"

"தரேன்."

"கேமரா வெச்சிருக்கீங்களா?"

"லென்ஸ் மூணு இருக்குதுங்க."

அவருக்கு லென்ஸும் கேமராவும் ஒன்றுதான். தலையாட்டினார். முதலில் பேனருக்கு ஒரு படம் எடுத்துக் கொடுங்கள், அது பிடித்திருந்தால் காதுகுத்து முழுவதையும் உங்களுக்கே தருகிறேன் என்றார். சரி என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். வேலை போயிற்று, ஆர்டர் வந்தாயிற்று, கேமரா இல்லை. அந்தப் படம் சரியாக வராவிட்டால் திரும்பவும் அதே கம்ப்யூட்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். அதைவிட மாட்டுக்குச் சாணி அள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

லென்ஸ் கழற்றிய வெறும் கேமராவைத் தொழிலில் பாடி என்போம். எந்தப் பாடி இந்த லென்ஸ்களுக்கு ஆகும் என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். இங்கிலீஷ் படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. கேமராவைப் பற்றி வாதாடும் இணையப் பக்கங்களில், உலகத்தில் எந்த மூலையிலோ இருக்கும் ஆண்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே எனக்கு ஒரு விஷயத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். என் லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. பாடிக்குள் இருக்கும் மோட்டார்தான் லென்ஸைச் சுழற்றி முகத்தைத் தெளிவாக்க வேண்டும். லென்ஸின் பின்பக்கம் ஸ்க்ரூ தலையில் இருப்பதுபோல ஒரு பிளவு இருக்கிறது. பாடியின் வாய் வளையத்தில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் முனைபோல ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். மாட்டியதும் அந்த முனை இந்தப் பிளவில் போய்ப் பொருந்தும். விலை குறைந்த புதுப் பாடிகளில் அந்த முனையை எடுத்துவிட்டார்கள். லென்ஸ் மாட்டும், ஆனால் கையால்தான் திருப்ப வேண்டும். உட்கார்ந்திருக்கும் தாத்தாவை அப்படி எடுக்கலாம். ஓடுகிற குழந்தையை எடுக்க முடியாது.

அன்றுமுதல் எனக்குத் தேவை ஒரு முனை. மற்றவர்களுக்கோ ஒரே கேள்விதான் இருந்தது. எத்தனை மெகாபிக்சல்? பால்காரர் கேட்டார், பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், காது கேட்காத மாமனார்கூடக் கேட்டார். செல்போனில் கேமரா வர ஆரம்பித்திருந்த நேரம் அது. எல்லோருக்கும் மெகா தெரிந்திருந்தது.

சென்னைக்குப் போனோம். கணவரும் கூட வந்தார். வாங்கும் பொருளை நான்கு கால்களுக்கு நடுவில் குனிந்து பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. கடைக்காரர் புத்தம்புதுப் பாடி ஒன்றை எடுத்து வைத்தார். பத்து மெகா, குட்டியாக, பட்டுப்போல வழவழப்பாக இருந்தது. "உங்க லென்ஸ் சூப்பரா மாட்டும் மேடம்" என்றார். உண்மையிலேயே மாட்டியது. 'டக்' என்று அவ்வளவு இனிமையான சத்தம். கணவர் முகமெல்லாம் பல். நான் வாய் வளையத்தை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பட்டனை அழுத்தினேன். லென்ஸ் அசையவே இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

"கையால திருப்பிக்கலாமே மேடம்" என்றார் கடைக்காரர்.

"கையால திருப்பறதுக்கு அரிசி மாவு மிஷினா இது?" என்று கேட்டுவிட்டு லென்ஸைக் கழற்றிப் பையில் போட்டேன்.

முனை வைத்த பாடிகளும் அங்கே இருந்தன. விலையைக் கேட்டதும் கணவர் என் காதில், "ரெண்டு கறவை மாடு, கூட ஒரு கன்னுக்குட்டி" என்றார். அவர் எதையும் மாட்டில்தான் அளப்பார். பழைய பாடிகள் வைத்திருந்த அலமாரியிலும் மலிவானது எதுவும் முனையோடு இல்லை. மனசு விட்டுப்போய்ப் பஸ் ஏறினோம். திண்டிவனம் தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அவர் வேர்க்கடலையை உரித்து உரித்து என் கையில் வைத்துக்கொண்டே வந்தார்.

செஞ்சி வரும்போது திடீரென்று சொன்னார். "வேங்கிக்கால்ல ஒருத்தன் பிளாட் தரகு பண்றான். அவன்கிட்ட பெரிய கேமரா ஒண்ணு பாத்திருக்கேன்."

"இத ஏன் இத்தன நாளா சொல்லல?"

"நீ மெட்ராஸ்லதான் நல்லது கெடைக்கும்னு நின்ன. குறுக்க பேசினா வள்ளுனு வுழற."

மாட்டுத் தரகருக்கு மனைத் தரகரைத் தெரிந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. மறுநாளே போனோம். கலெக்டர் ஆபீஸைச் சுற்றி வயலெல்லாம் கல் நட்டு மனையாகிக்கொண்டிருந்த சமயம். அந்தத் தரகர் மனைகளைப் படம் எடுத்து நோட்டீஸ் அடிப்பதற்காக சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் மூலம் கேமரா வாங்கியிருக்கிறார். இப்போது செல்போனிலேயே எடுத்துக்கொள்வதால் அது பீரோவில் தூங்கியது. ஆறு மெகாதான் என்பதால் யாரும் நல்ல விலைக்குக் கேட்கவில்லையாம். அவர் சொன்ன விலையைக் கேட்டு நான் முகத்தைச் சுளித்தேன். உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடல் பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, முனை வைத்த ஜாதி இது. கனமான, முரட்டுப் பாடி. ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அவருடைய சொந்த லென்ஸ் அதில் மாட்டியிருந்தது.

நான் என் பையைத் திறந்துகொண்டிருக்கும்போதே தரகருக்குப் போன் வந்தது. "ஆமாம் சார், கேமராதான். இங்க ஒரு பார்ட்டி பாத்துனுருக்காங்க" என்று பேசினார். உண்மையான போனோ, நடிப்போ, அந்த அம்பாளுக்குத்தான் வெளிச்சம். அவ்வளவுதான், என் கணவர் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு நோட்டை உருவி அந்த ஆளின் கையில் வைத்து மூடிவிட்டார்.

"அச்சாரம். சொன்ன வெலைக்கு முடிஞ்சுது."

சந்தையில் அதுதான் அவர் பழக்கம். இன்னொரு தரகரின் நிழல் மாட்டின் மேல் விழுந்தால் முதலில் அச்சாரம் போட்டுவிடுவார், மற்றதெல்லாம் அப்புறம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் அவரைப் பார்த்தேன்.

"இன்னும் மாட்டியே பாக்கல நான். அவசரத்துல அண்டாவுக்குள்ளகூட கை போகாதுங்க."

"மாட்டு, பாரு. யாரு வேணாம்னா?"

தரகருடைய லென்ஸோடு முதலில் எடுத்துப் பார்த்தேன். அருமையாக வேலை செய்தது. பிறகு அதைக் கழற்றிவிட்டு என் ராணியை மாட்டினேன். அதே இனிமையான 'டக்'. பட்டனை அழுத்தினேன். உள்ளே ஏதோ முனகியது. லென்ஸ் அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தினேன். முனகலோடு சரி.

தரகர் அனுதாபமாகப் பார்த்தார். "என் லென்ஸ் ஓடுதே மேடம். உங்களுதுதான் செத்துப்போச்சு. குரங்கு குடுத்ததுன்னு வேற உங்க வீட்டுக்காரர் சொல்றாரு."

வேலையை விட்டது, சம்பளக் கவரைக் கொடுத்தது, தெருவில் நின்று "தரேன்" என்று சொன்னது எல்லாம் ஒரே சமயத்தில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அடுத்த லென்ஸை மாட்டினேன். அசையவில்லை. மூன்றாவதையும் மாட்டினேன். அதுவும் அப்படியே.

அந்த மூன்றாவதில்தான் எனக்குப் புத்தி வந்தது. ஒன்று செத்திருக்கலாம். மூன்றும் ஒன்றாகவா சாகும்? அவருடைய லென்ஸ் புதுக் காலத்தது, சொந்த மோட்டார் உள்ளது. அதற்கு முனை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அப்படியானால் கோளாறு பாடியில். லென்ஸைக் கழற்றிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் வாய் வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். முனை துருத்திக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம்தான் இருந்தது. பள்ளத்தைச் சுற்றி மஞ்சளாக, காய்ந்துபோய், பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் லேசாகச் சுரண்டி மோந்து பார்த்தேன்.

சந்தனம்.

"ஏங்க, ஆயுத பூஜைக்குக் கேமராவுக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"வெக்காம? அதும் தொழில் பண்ற பொருளாச்சே" என்றார் தரகர்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். பூஜையில் சாமான்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கக் கூடாது, தனித்தனியாகக் கழற்றித்தான் வைக்க வேண்டும் என்று லென்ஸை வேறாக, பாடியை வேறாக, ஃபிளாஷை வேறாக வாழை இலையில் அடுக்கினாராம். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். பாடிக்கு நெற்றி எது என்று தெரியவில்லை. பளபளவென்று ஸ்டீல் வளையம் இருந்ததால் அதில் ஒரு பக்கமாக அழகாக வைத்தேன் என்றார். அந்தப் பக்கத்தில்தான் முனை இருந்தது. ஸ்பிரிங் வைத்த முனை. விரல் பட்டு உள்ளே போனது, சந்தனம் அதன்மேல் காய்ந்தது, அப்புறம் வெளியே வரவே இல்லை. நல்லவேளை, நடுவில் இருக்கும் கண்ணாடியை நெற்றி என்று அந்த அம்மா நினைக்கவில்லை.

காது குடையும் பஞ்சுக் குச்சி கேட்டேன், ஸ்பிரிட் கலந்த ஷேவிங் லோஷன் கேட்டேன். பாடியின் வாயைக் கீழ்நோக்கிக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, குச்சியைத் தொட்டும் தொடாமலும் நனைத்து, சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவைத்து எடுத்தேன். ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது. மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன், என் கணவரே எழுந்துபோய் நிறுத்தினார். பொருக்கு உதிர்ந்து மடியில் விழுந்தது. பல் குச்சி முனையால் பள்ளத்தின் ஓரத்தை லேசாக நெருடினேன். 'டிக்' என்று முனை வெளியே குதித்தது.

ராணியை மாட்டினேன். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து அழுத்தினேன். 'வ்ர்ர்ர்' என்று லென்ஸ் ஓடி நின்றது. காலண்டரில் இருந்த முருகனின் வேல் நுனிவரை தெளிவாகத் தெரிந்தது. திரும்பி என் கணவரைப் பார்த்து அழுத்தினேன். வ்ர்ர்ர். மீசையில் ஒரு நரை முடி இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. தெரியாத வீட்டில், தெரியாதவர்கள் முன்னால், வாய்விட்டுச் சிரித்தேன்.

தரகர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மனதுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. "இதுல மோட்டார் எல்லாம் இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. அப்படின்னா வெல ரொம்பக் கம்மியா சொல்லிட்டேன். கொஞ்சம் ஜாஸ்தி பாத்துப் போட்டுக் கொடுங்க" என்றார்.

எனக்கு வாய் துடித்தது. என் கணவர் என் கையை அழுத்தினார்.

"அச்சாரம் உன் கையில இருக்குதா?" என்று அவரைக் கேட்டார்.

"இருக்குது."

"நீயும் தரகு, நானும் தரகு. அச்சாரம் வாங்கினப்பறம் ரோட்டோரத்துல இருக்கிற மனைன்னு தெரிஞ்சா வெல ஏத்துவியா?"

தரகர் உள்ளங்கையில் இருந்த நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏத்த மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அவரும் சிரித்துவிட்டார். பேட்டரி, சார்ஜர், கழுத்துப் பட்டை எல்லாவற்றையும் அவரே தேடி எடுத்துக் கொடுத்தார்.

வாசல்வரை வந்த அவர் மனைவி என்னிடம் ரகசியமாக, "பொட்டு வெச்சது தப்பாங்க?" என்று கேட்டார்.

"தப்பே இல்லைங்க. நீங்க வெச்ச பொட்டாலதான் இது எனக்குக் கெடச்சுது" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

மொபெட்டில் திரும்பும்போது கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முதுகு மட்டும் பேசிக்கொண்டே வந்தது. அச்சாரம் போட்டதற்கு நான் திட்டியதை நினைத்து நினைத்து அது ஆனந்தப்படுவது எனக்குப் பின்னால் உட்கார்ந்தே தெரிந்தது. கடைசியில் நானே, "சரி, நீங்கதான் கெட்டிக்காரர்" என்றேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கீழ்நாத்தூர் தாண்டியும் அவர் விசிலடித்துக்கொண்டு வந்தார்.

குழந்தையை அவள் வீட்டிலேயே எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். காலை வெயில் இதமாக இருக்கும் நேரத்தில் போனேன். பின்கட்டில் துணி காயப் போட்டிருந்தார்கள். நான் போர்வைக்கும் புடவைக்கும் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். என்னைக் கவனிக்காமல் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். குழந்தை முதலில் என்னை முறைத்தாள். வெளிச்சம் எதுவும் வராததால் கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டாள். அவளுடைய அப்பாவின் செருப்புகளைக் கண்டுபிடித்து, அவற்றில் காலை நுழைத்துக்கொண்டு, முற்றம் முழுவதும் இழுத்து இழுத்து நடந்தாள். ராணி அவளோடு கூடவே ஓடியது. கிட்டே வந்தால் வ்ர்ர், தூரப் போனால் வ்ர்ர். முருங்கை மரத்திலிருந்து ஒரு காக்கா கத்தியது. அவள் நிமிர்ந்து அதைப் பார்த்து, மேலே இரண்டு, கீழே இரண்டு பல் தெரிய, கண் இடுங்கச் சிரித்தாள்.

எடுத்துவிட்டேன். பின்னால் இருந்த குட்டித் திரையில் அதைப் பார்த்த அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இவ இப்படிச் சிரிப்பான்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் என்ன, கலங்க வேண்டிய இடம்தான் அது.

பேனர் அடிக்கும் கடையில் கடைசி முட்டுக்கட்டை காத்திருந்தது. "எத்தனை மெகாக்கா?" என்றார் கடைக்காரர். ஆறு என்றேன். "ஆறுல பேனர் அடிச்சா மூஞ்சி கட்டம் கட்டமா வந்துடும். அப்பறம் என்னைச் சொல்லக் கூடாது."

"கல்யாண மண்டபத்துக்கு வர்றவங்க பேனர்ல மூக்க ஒட்டிக்கினா பாக்கப் போறாங்க? ரோட்டுக்கு அந்தாண்ட நின்னுதானே பாப்பாங்க. அடிங்க. கட்டம் வந்தா நான் பதில் சொல்றேன்."

அடித்தார். காதுகுத்துக்கு முந்தின நாள் மாலை மண்டப வாசலில் கட்டினார்கள். மாடி உயரத்துக்கு அந்தச் சிரிப்பு. நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். கட்டமும் இல்லை, கோடும் இல்லை. கண்ணிமை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. டவுன் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்துத் தங்களை அறியாமலே சிரித்தார்கள். பேனர் கடைக்காரர் ஏணியிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "எந்த மாடல்க்கா அது?" என்று கேட்டார். சொல்லவில்லை.

மறுநாள் காலை மண்டபத்தில் உட்கார இடமில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு மேடையேறினேன். முதல் தடவை என்பதால் கால் லேசாக வழுக்கியது. வீடியோக்காரரிடம் ஒரு நிமிஷம் லைட்டை அணைக்கச் சொன்னேன். அவர் யாரோ என்னவோ என்று என்னை மேலும் கீழும் பார்த்தார், பிறகு அணைத்தார். பட்டுப் பாவாடையோடு குழந்தை தாய்மாமன் மடியில் இருந்தாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, தங்கக் கம்மல். ஆசாரி காது மடலில் புள்ளி வைத்துவிட்டுக் கம்மலைக் கையில் எடுத்தார்.

எடுத்தவர் குத்தவில்லை. எங்கள் பக்கத்தில் எந்த விசேஷமானாலும் போட்டோக்காரர் சரி என்று சொல்லாமல் தாலியும் ஏறாது, கம்மலும் ஏறாது. ஆசாரி தலையைத் தூக்கிப் போட்டோக்காரரைத் தேடினார். என்னைத் தாண்டி வீடியோக்காரரைப் பார்த்தார், அவருக்குப் பின்னால் நின்ற மாமன்மார்களைப் பார்த்தார். குழந்தையின் அம்மா குனிந்து, "இவங்கதான்" என்று என்னைக் காட்டினார்.

ஆசாரியின் பார்வை என்மேல் வந்து நின்றது. தாய்மாமன் என்னைப் பார்த்தார். கெட்டிமேளம் கொட்டக் கையை ஓங்கியிருந்த தவில்காரர் அந்தக் கையை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முன்வரிசை, பின்வரிசை, வாசல் கதவில் சாய்ந்து நின்ற என் கணவர் உட்பட மண்டபம் முழுவதும் காத்திருந்தது.

நான் அவசரப்படவில்லை. குழந்தை மாமனின் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். லென்ஸ் அவள் கண்ணில் போய் நிற்கும்வரை காத்திருந்தேன். எடுத்தேன். பிறகு கேமராவைக் கண்ணிலிருந்து இறக்காமலே, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, "ம், குத்துங்க" என்றேன்.

மேளம் முழங்கியது.